மிஞ்சிய மாத்திரை மருந்தாகுமா?

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய களைப்பு இன்னும் உங்கள் முகங்களில் தெரிகின்றது. ஓய்வு கொள்ள வேண்டிய மாலைப் பொழுதில் இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கலாகாது என்னும் எண்ணத்தோடுதான் பேசத் தொடங்குகின்றேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அலமாரியிலோ, சாமி படத்திற்குப் பின்னாலோ, பழைய பிஸ்கட் டின்னிலோ, எப்போதோ டாக்டர் கொடுத்து மிஞ்சிப்போன மாத்திரைகள் இருக்கின்றனவா? கையை உயர்த்துங்கள் என்று சொல்லமாட்டேன். இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் இருந்தன. அந்த மிஞ்சிய மாத்திரைகளைப் பற்றியும், வெளியே சொல்ல நாம் கூசுகின்ற ஒரு நோயைப் பற்றியும், இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச வந்திருக்கின்றேன்.

கூச்சத்தால் வந்த கேடு

என் தாயாரும் உங்களைப் போலப் பால்மரம் வெட்டியவர்தாம். 2008ஆம் ஆண்டில், நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். ஒரு சனிக்கிழமை மாலை அவருடைய உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லையப்பா, வெறும் காய்ச்சல்தான். இடுப்புதான் கொஞ்சம் வலிக்கிறது" என்றார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் எனக்குப் பல்வலி வந்தபோது, பல் மருத்துவர் அமொக்சிசிலின் என்னும் மாத்திரையைக் கொடுத்திருந்தார். இரண்டே நாளில் வலி நின்றது. நானும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மீதியை டின்னில் போட்டு வைத்திருந்தேன். படித்த மகன் அல்லவா? "இது நல்ல மருந்து அம்மா" என்று சொல்லி, அந்த மீதி மாத்திரைகளை என் கையாலேயே அவருக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் சற்றுத் தணிந்தாற்போல் இருந்தது. திங்கட்கிழமை மாத்திரை தீர்ந்தது. அன்றிரவு அவருக்குத் தாங்கமுடியாத குளிர் நடுக்கம் கண்டது, வாந்தி எடுத்தார், பேச்சும் தடுமாறியது. அண்டை வீட்டாரின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். சிறுநீர்ப் பையில் தோன்றிய நோய் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, கிருமி இரத்தத்திலும் கலந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிறுநீரை எடுத்துச் சோதித்தபோது, நான் கொடுத்த மாத்திரைக்கு அந்தக் கிருமி சிறிதும் அடங்கவில்லை என்பது தெரிந்தது. வேறொரு மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். ஒன்பது நாள் கழித்தே தாயார் வீடு திரும்பினார்.

மருத்துவமனையில் இருந்தபோது அவர் தாதியிடம் சொன்ன செய்தியை நான் பின்னர்தான் அறிந்தேன். ஒரு வாரமாகவே அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்திருக்கின்றது. "பெற்ற மகனிடம் இதை எப்படிச் சொல்வது?" என்று அடக்கிக்கொண்டாராம். மரக்காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதால், பல ஆண்டுகளாகவே வேலை முடியும் வரை தண்ணீர் குடிப்பதில்லையாம். சொல்லக் கூசியவர் என் தாயார். கேளாமலே மருந்து கொடுத்தவன் நான். இருவர் செய்த பிழையும் சேர்ந்து ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தன. என் தாயார் இன்று நலமாக இருக்கின்றார். இச்செய்தியை உங்களிடம் சொல்வதற்கு அவருடைய இசைவையும் பெற்றே வந்திருக்கின்றேன்.

நோய் யாது? கிருமி எங்கிருந்து வருகின்றது?

சிறுநீர்த் தொற்று என்பது இழிவான நோய் அன்று. ஒழுக்கக் குறைவால் வருவதும் அன்று. பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய் வருகின்றது. இதற்கு முதற்காரணம் உடலின் அமைப்பே. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம் உடையது. பெண்களுக்கோ அது 4 சென்டிமீட்டர் அளவே. ஆகவே வெளியிலிருக்கும் கிருமி பெண்களின் சிறுநீர்ப் பையை எளிதில் எட்டிவிடுகின்றது.

அந்தக் கிருமி எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் நம் குடலிலிருந்தே வருகின்றது. ஈ.கோலை என்பது அதன் பெயர். 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் மருத்துவர் இதனைக் கண்டு எழுதினார். நம் ஒவ்வொருவர் குடலிலும் ஈ.கோலை வாழ்கின்றது. அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. இடம் மாறிச் சிறுநீர்ப் பாதையில் புகுந்தால்தான் அது நோயாகின்றது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்கிற்குக் குறையாமல் இக்கிருமியாலேயே வருகின்றன.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி கழிக்க வேண்டும் என்னும் உந்துதல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் கலங்குதல், சில வேளைகளில் இரத்தம் கலத்தல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். இவற்றோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவின் பின்புறத்தில் வலி, வாந்தி ஆகியவையும் சேர்ந்தால் நோய் சிறுநீரகத்திற்கு ஏறிவிட்டது என்று கொள்ளவேண்டும். அந்நிலையில் மறுநாள் பார்க்கலாம் என்று இருத்தலாகாது.

மருந்துக்குக் கிருமி அடங்காமற் போவது எவ்வாறு?

"முன்பு இரண்டு மாத்திரையில் கேட்டது, இப்போது கேட்கவில்லை, என் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கின்றோம். இது தவறான எண்ணம். மருந்தை எதிர்த்து நிற்பது நம் உடம்பு அன்று. கிருமியே எதிர்த்து நிற்கின்றது.

வெளிக்காட்டு வேலையில் புல்லுக்கு மருந்தடித்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். ஒரே களைக்கொல்லியை ஆண்டுதோறும் அதே இடத்தில் அடித்து வருகின்றோம். முதல் ஆண்டில் புல் கருகிப் போகின்றது. ஆயினும் ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்றிரண்டுக்கு அம்மருந்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே இருக்கும். அவை மட்டும் சாகாமல் நின்று விதை விடுகின்றன. மற்றவை அழிந்துவிட்டதால் இடம் முழுவதும் அவற்றுக்கே சொந்தமாகின்றது. சில ஆண்டுகளில் காடெல்லாம் மருந்துக்கு அசையாத புல்லாகி விடுகின்றது. இது கற்பனை அன்று. மலாய் மொழியில் சம்பாவ் என்று அழைக்கப்படும் புல், கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கி வளர்வது, 1997ஆம் ஆண்டில் நமது பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் வட்டாரத்திலேயே கண்டறியப்பட்டது.

கிருமிகளிடத்தும் இதுவே நடக்கின்றது. ஆனால் புல்லுக்கு ஆண்டுகள் ஆவது, கிருமிக்கு நாட்களில் ஆகிவிடுகின்றது. தக்க சூடும் உணவும் கிடைத்தால் ஓர் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகின்றது. அடுத்த 20 நிமிடத்தில் இரண்டு நான்காகின்றன. இவ்வாறு தடையின்றிப் பெருகினால், இரவு 9 மணிக்கு ஒன்றாக இருந்தது, விடியற்காலை 4 மணிக்கு 20 இலட்சத்திற்கும் மேலாகிவிடும். அத்தனை பெருக்கத்தில் ஏதேனும் ஒன்று மருந்தைத் தாங்கும் மாற்றத்தோடு பிறப்பது வியப்பன்று. மருந்து மற்றவற்றை எல்லாம் கொன்று, அந்த ஒன்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கின்றது.

அக்கிருமி மருந்தைப் பல வழிகளில் வெல்கின்றது. சில கிருமிகள் மருந்தை வெட்டிச் சிதைக்கும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. சில, உள்ளே நுழைந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுகின்றன. சில, மருந்து போய்த் தாக்கும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன; திருடன் கையிலுள்ள சாவிக்குப் பொருந்தாதபடி பூட்டை மாற்றுவது போன்றது அது.

இவற்றைவிடக் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. எதிர்க்கும் வித்தையைத் தன் சந்ததிக்கு மட்டுமன்றி, பக்கத்திலிருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் ஒரு கிருமி கைமாற்றிக் கொடுக்க வல்லது. 1959ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனைக் காட்டினார்கள். வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா என்னும் கிருமிக்கும் குடலில் வாழும் ஈ.கோலைக்கும் இடையே, பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் ஆற்றல் கைமாறுவதை அவர்கள் கண்டார்கள். ஒரு லயத்தில் கிளம்பிய செய்தி பொழுது சாய்வதற்குள் எல்லா லயங்களுக்கும் பரவிவிடுவதை நாம் அறிவோம் அல்லவா? கிருமிகளின் உலகமும் அத்தகையதே.

முன்னரே கிடைத்த எச்சரிக்கை

பெனிசிலின் என்னும் அரிய மருந்தை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டது 1928ஆம் ஆண்டில். அம்மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 1940ஆம் ஆண்டில், அதனை அழிக்கும் பொருள் ஒன்று இதே ஈ.கோலைக் கிருமியில் இருப்பதை ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் ஆற்றிய உரையிலும், மருந்தைப் போதாத அளவில் உண்டால் கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். உலகம் அந்த எச்சரிக்கைக்குப் போதிய செவி சாய்க்கவில்லை.

ஈ.கோலையை அடக்கவல்ல அம்பிசிலின் 1961ஆம் ஆண்டில் வந்தது. நான்கே ஆண்டுகளில், அதனையும் சிதைக்கும் ஈ.கோலை கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் கண்டறியப்பட்டது. அதற்கு மேலான மருந்துகள் வந்தன; அவற்றையும் எதிர்க்கும் கிருமிகள் வந்தன. வேறெதுவும் பயன்படாத போது கையிலெடுக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை எதிர்க்கும் ஆற்றலும், ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடிய வடிவில் இருப்பது, 2015ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தாராளமாகக் கொடுத்து வந்தது இதற்குப் பெருங்காரணம். உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நம் நாடு தடை செய்தது.

இன்றைய நிலை என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிற்கெனத் தந்த கணக்கின்படி, ஈ.கோலையால் வந்த சிறுநீர்த் தொற்றுகளில் ஐந்தில் ஒன்று, வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகளுக்குச் சரிவர அடங்கவில்லை. மருந்தை எதிர்க்கும் பலவகைக் கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கின்றனர்.

இருமலுக்கு உண்டது எரிச்சலுக்குத் தடையாகும்

இன்று நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயதை இப்போது சொல்கின்றேன்.

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமி நம் குடலிலேயே குடியிருக்கின்றது என்றேன். அப்படியானால், நாம் எந்த நோய்க்காகக் கிருமிக்கொல்லி மருந்தை உண்டாலும் அது குடலிலுள்ள கிருமிகளின் மீதும் படுகின்றது. இருமலுக்கும் சளிக்கும் என்று அயலார் தந்த மாத்திரையை உண்கின்றோம். அந்த இருமலோ பெரும்பாலும் வைரஸால் வந்தது. கிருமிக்கொல்லி மாத்திரைக்கு வைரஸ் சாவதில்லை. இருமல் தானே நிற்கின்றது. மாத்திரையால் நின்றது என்று நாம் நம்பிவிடுகின்றோம். ஆனால் குடலுக்குள்ளே, அம்மருந்தைத் தாங்கும் ஈ.கோலை மட்டும் தங்கிப் பெருகிவிட்டது. சில மாதங்கள் கழித்து அதுவே சிறுநீர்ப் பையில் புகும்போது, டாக்டர் கொடுக்கும் மருந்து பயனற்றுப் போகின்றது. ஒரு முறை இம்மருந்தை உண்டவரிடம், அதனை எதிர்க்கும் கிருமி ஓராண்டு வரையிலும் தங்கியிருக்கக் கூடும் என்பதை 2010ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

அக்கிருமி ஒருவரோடு நிற்பதும் இல்லை. ஒரே கழிவறையைப் பயன்படுத்தி, ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் குடும்பத்தில், கழுவாத கைகளின் வழியாக அது மற்றவருக்கும் செல்கின்றது. மாத்திரை உண்டவர் தந்தையாக இருக்கலாம். துன்பப்படுபவர் ஒரு மாத்திரையும் உண்டறியாத மகளாக இருக்கலாம். ஆகவே டின்னில் மிஞ்சிய மாத்திரையை மருந்து என்று எண்ணாதீர்கள். நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தம் பார்க்காமல் உண்டால், அது கிருமிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூடமாகிவிடும்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, கூச்சத்தை விடுங்கள். எரிச்சல் தொடங்கிய அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். தோட்ட மருந்தகத்து டிரெசரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். ஆடவரிடம் சொல்லத் தயக்கமாயின் தாதியிடம் சொல்லலாம். கணவன்மார்களே, பிள்ளைகளே, வீட்டுப் பெண்களுக்குக் காய்ச்சல் என்றால், "சிறுநீர் எரிகிறதா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறவேண்டாம்.

இரண்டாவது, சிறுநீரைச் சோதிக்கக் கேட்டால் மனமுவந்து கொடுங்கள். முதலில் வருவதைச் சிறிது விட்டுவிட்டு, இடையில் வருவதைத் தூய்மையான புட்டியில் பிடித்துத் தரவேண்டும். நோய் கடுமையாக இருந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியை ஒரு தட்டில் வளர்ப்பார்கள். வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அளவு வெறும் வட்டம் விழுகின்றதோ, அந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று பொருள். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். இடையில் டாக்டர் கொடுத்த மருந்தை மாற்ற நேர்ந்தால், அவர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணவேண்டாம். கிருமியின் குணம் அறிந்து மாற்றுகின்றார்.

மூன்றாவது, சொன்ன மருந்தைச் சொன்ன வேளையில் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். எரிச்சல் நின்றது என்று நாமாக நிறுத்தக்கூடாது. ஒவ்வாமை போன்ற தொல்லை வந்தால் உடனே சென்று கேட்கவேண்டும். அதே வேளையில், அதிக நாள் உண்டால் அதிக நன்மை என்பதும் தவறு. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குச் சில மருந்துகள் மூன்று நாள் அல்லது ஐந்து நாள் போதும் என்று இன்றைய மருத்துவம் கண்டிருக்கின்றது. தேவைக்கு மேல் உண்ணும் ஒவ்வொரு நாளும் குடல் கிருமிகளுக்குக் கூடுதல் பயிற்சியே. மருந்தைத் தேர்வதும் நுணுக்கமான வேலை. 1953ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள நைட்ரோபியூரன்டாயின் என்னும் பழைய மருந்து, சிறுநீர்ப் பையிலுள்ள ஈ.கோலையை இன்றும் பெரும்பாலும் அடக்குகின்றது. ஆனால் நோய் சிறுநீரகத்திற்கு ஏறிவிட்டால் அதே மருந்து உதவாது. இந்த வேறுபாட்டை அயல்வீட்டுக்காரர் அறியமாட்டார். கிருமிக்கொல்லி மருந்துகளை டாக்டரின் சீட்டு இன்றி விற்கலாகாது என்று 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் விதி இருப்பதன் காரணம் இதுவே.

நான்காவது, மருந்தைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். சளிக்கும் தடுமலுக்கும் டாக்டர் மாத்திரை தராமல் அனுப்பினால், "மருந்தே கொடுக்கவில்லை" என்று குறை கூறாதீர்கள். முதியவர்களின் சிறுநீரில் நாற்றம் மட்டும் இருந்து, வேறு துன்பம் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் கருவுற்ற தாய்மார்களின் நிலை வேறு. அவர்களுக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் அது சிறுநீரகத்திற்கு ஏறலாம். குறைமாதத்தில் பிரசவமாகவும் காரணமாகலாம். ஆகவே கர்ப்பிணிகள் சிறுநீர்ப் பரிசோதனையை ஒருபோதும் தட்டக்கூடாது.

ஐந்தாவது, நோய் வருமுன் காப்பது. தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி இந்நோயால் வருந்திய, குறைவாக நீர் அருந்தும் வழக்கமுடைய 140 பெண்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் நீரைக் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு நோய் வரும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இதற்கு மருந்துச் செலவு ஏதுமில்லை. சிறுநீரை அடக்கி வைக்காதீர்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகத் துடைத்துக் கழுவப் பெண் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நன்று. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கவேண்டும். சர்க்கரை மிகுந்த உடலில் இத்தொற்று எளிதில் வருகின்றது, கடுமையாகவும் ஆகின்றது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதிலும் இந்தியர்களிடையே மிகுதி என்பது நம் நெஞ்சில் நிற்கவேண்டிய செய்தி.

அரை நாள் சம்பளமும் ஓர் உயிரும்

நீங்கள் மனத்தில் நினைப்பதை நான் அறிவேன். "கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டு போய்விடும், சம்பளம் போய்விடும். டின்னில் இருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு மரத்திற்குப் போவதே மேல்." இந்தக் கணக்கை என் தாயாரும் போட்டவர்தாம். அதனை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன்.

ஆயினும் சட்டம் உங்களுக்குத் தந்துள்ள உரிமையை அறிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, தக்க மருத்துவச் சான்று இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை ஆனவருக்கு 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டின் மாத்திரையை விழுங்கி நோயை மறைப்பவர் இந்த உரிமையையும் இழக்கின்றார். ஒரு நாளில் தீரக்கூடியதை ஒன்பது நாளாக்கியும் கொள்கின்றார்.

தோட்ட நிர்வாகத்தினருக்கும் மண்டோர்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. மரக்காட்டில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடமும், கைகழுவத் தண்ணீரும் அமைத்துக் கொடுங்கள். ஒதுங்க இடமில்லாத பெண் தண்ணீர் குடிக்கமாட்டாள். தண்ணீர் குடிக்காதவளுக்கு நோய் வரும். நோய் வந்தவளால் மரம் வெட்ட முடியாது. ஒரு சிறு தடுப்பு கட்டும் செலவு இதைவிடப் பெரிதன்று.

நம் அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. மருந்தை எதிர்க்கும் கிருமிகளைக் கட்டுப்படுத்த 2017ஆம் ஆண்டில் ஒரு தேசியச் செயல்திட்டமும், 2022ஆம் ஆண்டில் அதனைத் தொடர்ந்து மற்றொரு திட்டமும் வகுக்கப்பட்டன. ஆனால் எந்தத் திட்டமும் நம் வீட்டு டின்னைத் திறந்து பார்க்க முடியாது. அதை நாம்தாம் திறக்கவேண்டும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் அந்த டின்னைத் திறந்து பாருங்கள். மிஞ்சிய மாத்திரைகளைக் கால்வாயிலோ குப்பையிலோ எறியவேண்டாம். ஒரு பையில் போட்டு, அடுத்த முறை சுகாதார நிலையத்திற்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ செல்லும்போது மருந்து கொடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் உண்ணும் மருந்துகளை மட்டும் அவற்றோடு சேர்த்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அயலார் வந்து, "காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்டால், "மாத்திரை இல்லை, வா, கிளினிக்குக்கு உன்னோடு துணைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

என் தாயாருக்கு நான் அன்று அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.